கொல்லாத ஏற்பி: தருமபுரி ஆய்வகம் ஒன்றில் டிஆர்5 புரதத்தைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் மூவர்: ஒரு முனைவர் பட்ட மாணவி, அவருடைய நெறியாளர், ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். ஓசூரில் ஒரு செல் வளர்ப்பு அறையைக் கவனித்து வருபவன் என்ற முறையில் பாதி வழியில் என்னை அழைத்தார்கள். அதற்கு முந்தைய விவரங்களை மாணவியின் ஆய்வு நோட்டு, கூரியர் ரசீது, மின்னஞ்சல்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்திருக்கிறேன். மூவரின் சம்மதத்தோடு, அடையாளங்களை நீக்கி எழுதுகிறேன்.

பின்னணி

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலைகள் ஓடும் மாதங்களில் தோத்தாபுரி கொட்டைகள் ஆலை வாசலில் மலையாகக் குவியும். அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பை உலர்த்தி, எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறுதான் மாணவியின் ஆய்வுப் பொருள். பெருங்குடல் புற்றுநோயிலிருந்து வந்த ஹெச்சிடி116 என்ற செல் வகையில் அந்தச் சாற்றைப் போட்டால் செல்கள் சுருங்கி, தட்டிலிருந்து கழன்று மிதப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார். ஆய்வுக் குழுக் கூட்டத்தில், செல்கள் எந்த வழியாகச் சாகின்றன என்ற எதிர்பார்த்த கேள்வி வந்தது.

செல் தன்னைத்தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் நிகழ்வுக்கு 1972இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். அதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று செல்லுக்குள்ளேயே, மைட்டோகாண்ட்ரியா வழியாகத் தொடங்குவது. மற்றது வெளியிலிருந்து வரும் கட்டளையால் தொடங்குவது. அந்தக் கட்டளையை வாங்கும் புரதங்கள்தான் செல் இறப்பு ஏற்பிகள்: ஃபாஸ், டிஎன்எஃப் ஏற்பி 1, டிஆர்4, டிஆர்5 முதலியவை. இவற்றில் டிஆர்4, டிஆர்5 இரண்டும் டிரெயில் என்ற புரதத்தைப் பிடிப்பவை. டிரெயில் 1995இல் அறியப்பட்டது, டிஆர்5 1997இல். டிரெயில் பல புற்றுநோய் செல்களைக் கொன்று, பெரும்பாலான இயல்பான செல்களை விட்டுவைக்கிறது என்பதால் அந்த நாட்களில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. மருந்தாக அது அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை என்றாலும் ஆய்வகக் கருவியாக இன்றும் புழங்குகிறது.

நெறியாளருக்கு இந்தத் துறையில் ஒரு பழைய அனுபவம் உண்டு. தன் எம்ஃபில் நாட்களில் ஃபாஸ் ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறார். போட்ட சில மணி நேரத்தில் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. உண்மையில் ஃபாஸ் கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான்: 1989இல் ஜப்பானில் யோனெஹாரா குழுவும் ஜெர்மனியில் கிராம்மர் குழுவும் தனித்தனியே மனிதச் செல்களைக் கொல்லும் ஆன்டிபாடிகளைக் கண்டார்கள், அவை பிடித்த புரதம் எது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே, இறப்பு ஏற்பி சம்பந்தப்பட்ட பொருள் என்றால் போட்டதும் செல் சாகும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததில் வியப்பில்லை. மாம்பருப்புச் சாற்றோடு ஒப்பிட, நிச்சயமாகக் கொல்லும் ஒரு பொருள் வேண்டும் என்று மனித டிஆர்5 ரீகாம்பினன்ட் புரதம் (மரபணுவை வேறு செல்லில் புகுத்தித் தயாரிப்பது) 50 மைக்ரோகிராம் ஆர்டர் செய்தார். லேபிளில் புரதத்தின் பெயருக்குப் பின்னால் எஃப்சி என்று இரண்டெழுத்து ஒட்டியிருந்தது. அதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

குப்பி வந்த வழி

விநியோகஸ்தர் பெங்களூரில் இருந்தார். பார்சல் அத்திப்பள்ளி தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி வரவேண்டும். கோடைக்காலம். சனிக்கிழமை கிருஷ்ணகிரிக்கு வந்த பெட்டி ஞாயிறு முழுவதும் கூரியர் அலுவலகத்திலேயே கிடந்தது. திங்கள் மதியம் டெக்னீஷியன் பைக்கில் போய் எடுத்து வந்தபோது தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பேக்குகள் உருகித் தண்ணீராகித் தளதளத்தன. “மேடம், பொட்டி சூடா இருக்குங்க” என்றுதான் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் பின்னால் நடந்த எல்லாவற்றிலும் நிழலாக ஒட்டிக்கொண்டது.

குப்பியைத் திறப்பதில் மாணவி நன்றாகவே நடந்துகொண்டார். உறைநிலையில் உலர்த்திய புரதம் 50 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. குப்பி காலியாகத்தான் தோன்றும். சிலர் காலிக் குப்பி வந்துவிட்டதென்றே புகார் எழுதிவிடுவார்கள். அவர் மூடியில் ஒட்டியிருப்பது கீழே இறங்கட்டும் என்று முதலில் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று ஓட்டினார். பிறகு கிருமிநீக்கிய பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதம் சேர்த்து, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வருமாறு 500 மைக்ரோலிட்டரில் கரைத்தார். குலுக்கவில்லை, மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரைத்தார். பத்து சிறு குழாய்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்தார். கரைக்கும் திரவத்தில் சோடியம் அசைடு இல்லை என்பதையும் நோட்டில் குறித்திருக்கிறார். அசைடு செல்லுக்கு நஞ்சு. அது இருந்திருந்தால் இந்தக் கதை வேறு திசையில் போயிருக்கும்.

ஃப்ரீசர்தான் கவலைக்குரியது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் அங்கே இல்லை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும், தானே பனி நீக்கிக்கொள்ளும் வகைதான் இருந்தது. அந்த வகை, பனியை உருக்கவென்று நாளில் சில முறை உள்ளே சூடேற்றும். கூடவே மின்வெட்டு.

முதல் சோதனையும் புகாரும்

96 குழித் தட்டில் செல்களை விதைத்து, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமில் தொடங்கி 500 நானோகிராம் வரை டிஆர்5 புரதத்தைப் போட்டார். 24 மணி நேரம் கழித்து எம்டிடி சேர்த்தார். எம்டிடி மஞ்சள் நிறப் பொருள். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். செத்த குழி வெளிறியே இருக்கும். நெறியாளரிடம் தட்டைக் காட்டி, “எல்லாக் குழியும் ஊதாவாவே இருக்கு மேடம். ஒண்ணுமே போடாத வரிசைக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல” என்றிருக்கிறார். திரும்பச் செய்தார்கள். அதே ஊதா.

எடுத்த முடிவு: புரதம் வழியில் சூடாகிக் கெட்டுவிட்டது, புகார் எழுதி மாற்றுக் குப்பி கேட்பது. காரணம் நியாயமாகத்தான் தெரிந்தது. சூடான பெட்டியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இந்த மாவட்டத்தில் ஆய்வகம் நடத்துபவர்களுக்கு என்சைமும் ஆன்டிபாடியும் கோடையில் கெட்டுப்போன அனுபவம் நிறைய உண்டு. எதுவும் வேலை செய்யவில்லை என்றால் கை முதலில் கூரியரையும் கரண்டையும்தான் காட்டும். பல முறை அது சரியாகவும் இருக்கும். அதனால்தான் அந்தச் சந்தேகத்தைத் தாண்டி யோசிப்பது கடினமாகிவிடுகிறது.

விநியோகஸ்தரிடமிருந்து வந்த பதிலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: சோதனையில் டிரெயில் எவ்வளவு சேர்த்தீர்கள்? நெறியாளருக்கு இது நழுவல் பேச்சாகப் பட்டது. காட்டமான இரண்டாவது மின்னஞ்சல் போனது. சில நாட்களில் விலையில்லாமல் மாற்றுக் குப்பியும் வந்தது, இந்த முறை ஐஸ் உருகாமல். அதிலிருந்தும் அதே ஊதா. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பரிசீலனை

போனவுடன் சூட்டைப் பற்றித்தான் பேச்சு. உலர்த்திய புரதம் கரைசலைப் போலச் சட்டென்று கெடுவதில்லை. ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரையோடு சேர்த்து உலர்த்துவதே இதற்காகத்தான். ஒன்றிரண்டு நாள் வெயிலால் அது அடியோடு செயலிழப்பது அரிது. கரைத்த பிறகு அடிக்கடி உறைந்து உருகினால் கெடலாம். ஆனால் இரண்டாவது குப்பியைக் கரைத்த அன்றே சோதித்திருந்தார்கள்.

நெறியாளர், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். புரதத் துண்டுகளுக்கு இடையிலான பிணைப்பை அறுக்கும் பீட்டா மெர்காப்டோஎத்தனால் சேர்த்த குழியில் பட்டை ஓரிடத்தில் நின்றது. சேர்க்காத குழியில் ஏறக்குறைய இரு மடங்கு எடையில், மேலே நின்றது. சிதைந்த துண்டுகள் எதுவும் இல்லை. புரதம் முழுசாக இருக்கிறது, இரண்டிரண்டாகப் பிணைந்திருக்கிறது என்று இதற்குப் பொருள். அது வேலை செய்கிறதா என்று ஜெல் சொல்லாது. என் பார்வையில் நெறியாளரின் மனதை ஆற்றியதைத் தவிர ஜெல் வேறு பெரிய உதவி செய்யவில்லை.

உதவியது டேட்டா ஷீட்டின் இரண்டாவது பத்தி. மனிதச் செல்லில் டிஆர்5 முழு நீளத்தில் 440 அமினோ அமிலங்கள் கொண்டது. முதல் 55 சிக்னல் துண்டு, வெட்டி எறியப்படும். அதை அடுத்து செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. 210ஐத் தாண்டியதும் சவ்வை ஊடுருவும் பகுதி. மிச்சம் செல்லுக்குள் இருக்கிறது. உள்ளே, வால் பக்கத்தில், ஏறத்தாழ 80 அமினோ அமில நீளத்தில் இறப்புக் களம் என்ற பகுதி. டிரெயில் மூன்று மூன்றாகச் சேர்ந்த வடிவத்தில் வந்து, வெளியே ஏற்பிகளை நெருக்கிப் பிடிக்கும்போது உள்ளே இறப்புக் களங்கள் ஒன்றுகூடி ஃபாட் என்ற புரதத்தை இழுக்கின்றன. ஃபாட் காஸ்பேஸ் 8 என்ற என்சைமை இழுக்கிறது. அது விழித்து காஸ்பேஸ் 3ஐ எழுப்ப, செல் அழிகிறது.

குப்பியில் இருந்தது வெளிப்பகுதி மட்டும். அதன் வாலில் மனித ஐஜிஜி1 ஆன்டிபாடியின் எஃப்சி துண்டு ஒட்டப்பட்டிருந்தது. சவ்வுப் பகுதி இல்லை, இறப்புக் களம் இல்லை. வாசலில் இருக்கும் காலிங் பெல் பட்டனை மட்டும் கழற்றித் தெருவில் வைத்ததைப் போல: வருகிறவர் அதையே அழுத்திக்கொண்டிருப்பார், வீட்டுக்குள் மணி அடிக்காது. இந்தப் புரதம் செல்லைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. டிரெயிலை வழியிலேயே பிடித்துக்கொண்டு, செல் சாகாமல் காப்பதற்காகச் செய்யப்பட்டது. நெறியாளரின் பழைய ஆன்டிபாடி டிரெயில் போன்ற கட்டளையின் இடத்தில் நின்று ஏற்பிகளை நெருக்கியது. இதுவோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது.

இது விசித்திரமான ஏற்பாடும் இல்லை. டிஎன்எஃப் ஏற்பி 2இன் வெளிப்பகுதியை எஃப்சியோடு ஒட்டிச் செய்த எட்டனர்செப்ட் 1998 முதல் முடக்குவாத மருந்தாகவே இருக்கிறது; தத்துவம் ஒன்றுதான். எஃப்சி ஒட்டுவதால் ஏற்பித் துண்டுகள் இரண்டிரண்டாகப் பிணைந்து பிடி இறுகுகிறது. எஃப்சியைப் பிடிக்கும் புரோட்டீன் ஏ நிரப்பிய குழாயில் விட்டுச் சுத்தம் செய்வதும் சுலபம். வெளிப்பகுதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களுக்கு இடையிலான இணைப்புகள் மிகுதி என்பதால் இதைப் பெரும்பாலும் பாக்டீரியாவில் செய்வதில்லை. பாலூட்டிச் செல்களில் வளர்க்கிறார்கள். விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

விநியோகஸ்தர் கேட்ட கேள்வி இப்போது வேறு மாதிரி ஒலித்தது. நெறியாளர் அந்த மின்னஞ்சலை மறுபடி திறந்து பார்த்துவிட்டு, “அப்பவே சொல்லியிருக்காங்க” என்றார். விளக்கமாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. ஒற்றை வரிக் கேள்வி புகார் எழுதியவரை மேலும் கோபப்படுத்தத்தான் செய்யும்.

செயல் சோதனை

முடிவு செய்ய வேண்டியிருந்தது: டிரெயில் வாங்குவதா, இந்தப் புரதத்தையே ஒதுக்கிவிட்டு வேறு வழி பார்ப்பதா? மீதி நிதி குறைவு. வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் கடன் வாங்கிப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். கெட்டுப்போனதாக எழுதிக்கொடுத்த புரதம் நல்லதா இல்லையா என்று தெரியாமல் மேலும் செலவு செய்வது சரியில்லை என்பது ஒன்று. புகாரைத் திரும்பப் பெறுவதாக இருந்தாலும் கையில் சான்று வேண்டும் என்பது இன்னொன்று. மாணவியின் சீனியர் ஒருவர் பெங்களூரில் இதே துறையில் இருந்தார். ஒரு சிறு குழாய் டிரெயிலை உலர் பனியில் வைத்துக் கொடுத்தார். மாணவியே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

டிரெயில் நொய்மையானது. அதன் மூன்று துண்டுகளையும் நடுவில் ஒரு துத்தநாக அயனி பிடித்துவைத்திருக்கிறது. உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ பட்டால் அந்தத் துத்தநாகம் போய்விடும், கொல்லும் சக்தியும் குறையும். செல்களைத் தட்டிலிருந்து பிரிக்க நாம் தினமும் பயன்படுத்தும் ட்ரிப்சின் கரைசலில் ஈடிடிஏ இருக்கிறது. தவிர, ட்ரிப்சின் செல்லின் மேலுள்ள ஏற்பிகளையே அரித்துவிடக்கூடும். அதனால் செல்களைக் கழுவி விதைத்து, ஓரிரவு ஒட்ட விட்டு, மறுநாள்தான் சோதனை. டிரெயிலையும் டிஆர்5 எஃப்சியையும் முதலில் வேறு தட்டில் அரை மணி நேரம் கலந்து வைத்துவிட்டுப் பிறகு செல்களுக்கு மாற்றினார்கள். எடைக் கணக்கில் ஏற்பி சில மடங்கு கூடுதலாக இருக்கும்படி வைத்தது கவனமாகச் செய்த வேலை. ஏற்பித் துண்டு இல்லாத வெறும் எஃப்சியோடு ஒரு வரிசையும் வைத்தார்கள்.

மறுநாள் தட்டை நானும் பார்த்தேன். டிரெயில் மட்டும் போட்ட வரிசை வெளிறிக் கிடந்தது. வெறும் எஃப்சி சேர்த்த வரிசையும் அப்படியே. டிஆர்5 எஃப்சி சேர்த்த வரிசையில் அதன் அளவு கூடக் கூட, இடமிருந்து வலமாக ஊதா படிப்படியாக அடர்ந்து, கடைசிக் குழிகள் ஒன்றுமே போடாத குழிகளைப் போலவே நின்றன. வெயிலில் கிடந்த முதல் குப்பியும் ஐஸோடு வந்த இரண்டாவது குப்பியும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. டெக்னீஷியன் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப வெயில் மேல போட்ட பழியெல்லாம் வீண்தானுங்க சார்” என்றார்.

நெறியாளர் அன்றே புகாரைத் திரும்பப் பெற்று எழுதினார். விநியோகஸ்தர் இரண்டாவது குப்பியைத் திரும்பக் கேட்கவில்லை.

மாம்பருப்பும் டானினும்

இனி சரியான கேள்வியைக் கேட்கலாம்: மாம்பருப்புச் சாறு செல்களை டிரெயில் வழியாகக் கொல்கிறதா? அப்படியானால் டிஆர்5 எஃப்சி சேர்த்தால் செல்கள் பிழைக்க வேண்டும். சேர்த்தார்கள். பிழைக்கவில்லை. சாற்றுக்கும் டிரெயிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுத மாணவி தயாராகிவிட்டார்.

எனக்கு அதில் தயக்கம் இருந்தது. மாம்பருப்பில் காலோடானின் என்ற வகை டானின்கள் ஏராளம். டானின் புரதத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். தோல் பதனிடுவதே அதை வைத்துத்தான். சாறு ஏற்பிப் புரதத்தையே முடக்கிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: டானின் போன்ற பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செல் விதைக்காத குழிகளில் சாற்றையும் எம்டிடியையும் மட்டும் போடச் சொன்னேன். மாலைக்குள் மங்கிய ஊதா வந்துவிட்டது. மாணவியின் ஆய்வேட்டில் முந்தைய அத்தியாயத்தில் சாற்றின் கொல்லும் சக்தியைக் குறைத்துக் காட்டிய எண்களுக்கு அதுவே காரணம்.

அடுத்து டிரெயில், டிஆர்5 எஃப்சி இரண்டோடும், தனியாகக் கொல்லாத சிறு அளவில் சாற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏற்பி தந்துகொண்டிருந்த பாதுகாப்பு கணிசமாகக் குறைந்தது. தயக்கம் வீணல்ல. சாற்றை பாலிவினைல்பாலிபைரலிடோன் தூளோடு கலக்கி டானினை நீக்கியபோது, சாறு செல்களைக் கொல்லும் திறனில் பெரும்பகுதியை இழந்தது. அதுவரை கொன்றுகொண்டிருந்தது டானின்தான் என்று சொல்ல இந்த ஒரு சோதனை போதாது. தூள் வேறு பாலிஃபீனால்களையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் சாற்றின் செயலை இறப்பு ஏற்பியோடு முடிச்சுப்போட அடிப்படை இல்லை என்பது தெளிவானது.

ஆய்வுக் குழுவில் இதை மறைக்காமல் வைத்தார்கள். இறப்பு ஏற்பி வழி என்ற தலைப்பு கைவிடப்பட்டு, டானின் நீக்கிய சாறும் நீக்காத சாறும் என்ற ஒப்பீடு அந்த அத்தியாயமானது. கேள்வி கேட்ட பேராசிரியர் ஒருவர், செல் இல்லாத குழிகளின் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாராம்.

மாற்றிக்கொண்டவை

அந்த ஆய்வகத்தில் ரீகாம்பினன்ட் புரதம் எதுவானாலும் வாங்கும் விண்ணப்பத்தில் இப்போது மூன்று கட்டங்கள் கூடுதலாக இருக்கின்றன: முழுப் புரதமா எந்தத் துண்டா, எதோடு ஒட்டியிருக்கிறது, செல்லில் போட்டால் என்ன நடக்க வேண்டும். மூன்றாவது கட்டத்தை நெறியாளர் அல்ல, சோதனை செய்யப்போகும் மாணவரே தன் கையெழுத்தில் நிரப்ப வேண்டும். முதல் முறை அதை நிரப்பிய இளநிலை மாணவர் “செல் சாகும்” என்று எழுதி, டெக்னீஷியனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எந்தக் குப்பியையும் உண்மைச் சோதனைக்கு எடுக்கும் முன், அது செயல்படுகிறது என்று காட்டும் இணைப் பொருளோடு ஒரு சிறு தட்டு போடுகிறார்கள். டிரெயில் போன்றவற்றுக்கு ஆகும் செலவைப் புரதத்தின் விலையோடு சேர்த்தே நிதி கேட்கிறார்கள். தாவரச் சாறு சம்பந்தப்பட்ட எம்டிடி தட்டுகளில் செல் இல்லாத வரிசை கட்டாயம். சந்தேகம் வந்தால், சாகும் செல்லில் ஒட்டிக்கொள்ளும் அனெக்சின் சாயத்தால் இன்னொரு முறை பார்க்கிறார்கள்.

ஃப்ரீசரையும் மாற்றினார்கள். இந்த நிகழ்வில் அது குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகும் நான் வற்புறுத்தியது இதைத்தான். தானே பனி நீக்காத வகை ஒன்று வாங்கி, குழாய்களைத் தடித்த தெர்மாகோல் பெட்டிக்குள் அடுக்கி, யுபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறார்கள். மிஞ்சிய டிஆர்5 எஃப்சி குழாய்கள் சேலத்தில் ஒரு நட்பு ஆய்வகத்தின் மைனஸ் 80இல் இருக்கின்றன. தேவைப்படும்போது ஒவ்வொரு குழாயாக எடுத்து வந்து, உருக்கியதை மறுபடி உறைய வைக்காமல் அன்றே தீர்த்துவிடுகிறார்கள்.